லயத்து வீடும் சொந்த வீடும்: கையெழுத்துக்கு முன் கணக்கு

(தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று சம்பளத்தைப் பற்றிப் பேச நாங்கள் வரவில்லை. சம்பளம் நின்ற பிறகு எங்கே தலை சாய்ப்பது என்பதைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். முதன் முறையாக வங்கியில் கடன் வாங்கி வீடு வாங்கப் போகும் தோட்டத் தொழிலாளி எதை எதைப் பார்க்க வேண்டும், எந்தத் தாளில் கையெழுத்துப் போடலாம், எந்தத் தாளில் போடக்கூடாது என்பதே இன்றைய பேச்சு.

நாம் குடியிருக்கும் லயத்து வீடு வேலையோடு வந்த வீடு. வேலை போகும் நாளில் அதுவும் போகும். 1990-ஆம் ஆண்டின் 446-ஆவது சட்டம், தொழிலாளிக்குத் தரும் குடியிருப்பு எப்படி இருக்க வேண்டும் என்று முதலாளியைக் கட்டுப்படுத்துகிறது. தண்ணீர், கக்கூசு, கூரை ஆகியவற்றைக் கேட்டுப் பெற அது நமக்கு உதவும். ஆனால் ஐந்து தலைமுறை வாழ்ந்திருந்தாலும் அந்த வீட்டை நமக்குச் சொந்தமாக்க அந்தச் சட்டத்தில் வழியில்லை. குறைந்தபட்ச ஓய்வு வயதுச் சட்டம் 2013 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்து, ஓய்வு வயதை 60 ஆக்கியது. அறுபதாவது பிறந்த நாளுக்குப் பிறகு பிரட்டில் நம் பெயர் கூப்பிடப்படாது. அதன் பின் வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வருகிறது.

இது புதிய துன்பமன்று. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் புறப்பட்டபோது, தோட்டங்கள் துண்டு துண்டாக்கப்பட்டன. நம் மக்கள் வேலையையும் வீட்டையும் ஒரே நாளில் இழந்தனர். அந்த நிலையைக் கண்டுதான் 1960-ஆம் ஆண்டில் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் வெட்டுவோர் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கொண்டே தோட்டங்கள் வாங்கப்பட்டன. சேர்த்து வைத்தால் நம்மாலும் மண் வாங்க முடியும் என்பதற்கு அது சாட்சி. இன்று ஒவ்வொரு குடும்பமும் தன் வீட்டுக்காக அந்தக் கணக்கைப் போட வேண்டியிருக்கிறது.

முதலில் நம் பெயரைப் பார்ப்போம்

வீடு பார்க்கப் போவதற்கு முன்னால் நாம் பார்க்க வேண்டியது நம் பெயர் வங்கிகளிடம் எப்படி இருக்கிறது என்பதை. பேங்க் நெகாரா 'சிசிரிஸ்' என்னும் கடன் பதிவேட்டை நடத்துகிறது. நாம் வங்கியிலே வாங்கிய கடன் எவ்வளவு, கடந்த 12 மாதத்தில் எத்தனைத் தவணை தவறியது என்பதெல்லாம் அதில் இருக்கும். எந்த வங்கிக்குப் போனாலும் முதலில் அதைத்தான் திறந்து பார்ப்பார்கள். நம் பதிவை நாமே இலவசமாகப் பார்க்கலாம்.

நமக்குத் தெரிந்த ஒரு தோழர். பால் வெட்டுபவர். மனைவி களத்தில் களை எடுப்பவர். பக்கத்து டவுனில் ஒரு பழைய வரிசை வீட்டைப் பார்த்தார். வீட்டுத் தரகர், "இன்றே முன்பணம் போடாவிட்டால் வேறு ஒருவர் எடுத்துக் கொள்வார்" என்றார். தோழர் 3,000 வெள்ளி கொடுத்தார். ஒரு மாதம் கழித்து வங்கி கடன் இல்லை என்று சொல்லிவிட்டது. காரணம் என்ன? ஐந்து ஆண்டுகளுக்கு முன் மைத்துனருக்காகக் கார் கடனுக்குச் சாமீன் கையெழுத்துப் போட்டிருந்தார். மைத்துனர் கட்டவில்லை. தோழருக்கு அது தெரியவே தெரியாது. கொடுத்த 3,000 வெள்ளியும் திரும்பவில்லை. ஏனென்றால் 'கடன் கிடைக்காவிட்டால் முன்பணம் திருப்பித் தரப்படும்' என்று அவர் கையெழுத்திட்ட தாளில் ஒரு வரி இல்லை.

அந்தத் தோழர் ஏமாளியல்லர். வரிசையைத் தலைகீழாகச் செய்துவிட்டார், அவ்வளவுதான். ஆகவே முதலில் பதிவைப் பாருங்கள். மோட்டார் சைக்கிள் தவணை, பிள்ளையின் படிப்புக் கடன், சாமீன் கையெழுத்து எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். பாக்கி இருந்தால் கட்டி, சில மாதம் ஒழுங்காக நடத்திக் காட்டிவிட்டு விண்ணப்பம் போடுங்கள். பழைய வீடு வாங்கும்போது, கடன் மறுக்கப்பட்டால் முன்பணம் திரும்ப வேண்டும் என்று எழுத்தில் வாங்காமல் ஒரு காசும் கொடுக்காதீர்கள்.

புது வீடு கட்டி விற்கும் மேம்பாட்டாளர் விஷயம் வேறு. வீடமைப்புச் சட்டத்தின் கீழ் வந்த விதிகளின்படி, ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு முன் 'புக்கிங்' பணம் என்றோ வேறு பெயரிலோ வாங்குவது தடுக்கப்பட்டிருக்கிறது. கேட்டால் கொடுக்க வேண்டாம். மேம்பாட்டாளருக்கு லைசென்சும் விளம்பர அனுமதியும் உண்டா என்று விளம்பரத்திலுள்ள எண்ணைக் கொண்டு வீடமைப்பு அமைச்சில் கேட்டுக் கொள்ளலாம்.

எவ்வளவு கடன் தாங்கும்?

இனி கணக்குக்கு வருவோம். குறைந்தபட்சச் சம்பளம் 2025-ஆம் ஆண்டில் 1,700 வெள்ளி ஆயிற்று. கணவன் மனைவி இருவரும் அதை வாங்கினால் 3,400. சேமநிதிக்கு நூற்றுக்குப் பதினொன்றும் சொக்சோவும் போகக் கைக்கு வருவது ஏறத்தாழ 3,000 வெள்ளி. 1,50,000 வெள்ளி வீட்டை எடுத்துக்கொள்வோம். முதல் வீட்டுக்கு வங்கிகள் பெரும்பாலும் விலையில் நூற்றுக்குத் தொண்ணூறு வரை தருகின்றன. அதன்படி கடன் 1,35,000 வெள்ளி. வட்டி நூற்றுக்கு 4 என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால் வருவது இது:

20 ஆண்டு என்றால் மாதத் தவணை 818 வெள்ளி. மொத்தம் கட்டுவது சுமார் 1,96,000.
30 ஆண்டு என்றால் மாதத் தவணை 645 வெள்ளி. மொத்தம் சுமார் 2,32,000.
35 ஆண்டு என்றால் மாதத் தவணை 598 வெள்ளி. மொத்தம் சுமார் 2,51,000.

35 ஆண்டுக்கு மேல் வீட்டுக் கடன் தருவதை 2013-ஆம் ஆண்டிலேயே பேங்க் நெகாரா நிறுத்திவிட்டது. தவணை குறைய வேண்டுமென்று ஆண்டைக் கூட்டினால், மாதத்துக்கு 47 வெள்ளி மிச்சம் பிடிக்கப் போய் முடிவில் 19,000 வெள்ளி கூடுதலாகக் கட்டுகிறோம். முதல் மாதம் கட்டும் 645 வெள்ளியில் 450 வெள்ளி வட்டிக்கே போய்விடும். அசலில் கழிவது 195 வெள்ளிதான். அதனால்தான் தொடக்க ஆண்டுகளில் எவ்வளவு கட்டினாலும் கடன் குறையாதது போலத் தோன்றுகிறது. கையில் கொஞ்சம் கூடுதல் பணம் வந்தால், ஆரம்ப ஆண்டுகளில் அசலில் கட்டுவதே அதிகப் பலன் தரும். அப்படிக் கட்டலாமா, கடனை முன்கூட்டி முடித்தால் அபராதம் உண்டா என்பதைக் கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள்.

வட்டி இன்று உள்ளபடியே என்றும் இருக்காது. பேங்க் நெகாராவின் அடிப்படை வட்டி 2020 ஜூலையில் 1.75 ஆக இருந்தது; 2023 மே மாதத்தில் 3.00 ஆயிற்று. வீட்டுக் கடன் வட்டி அதை ஒட்டியே ஏறும், இறங்கும். நம் கணக்கில் 4 என்பது 5 ஆனால், 30 ஆண்டுக் கடனின் தவணை 645-லிருந்து 725 ஆகும். அந்த 80 வெள்ளியையும் தாங்க முடியுமா என்று இன்றே பாருங்கள். இஸ்லாமிய முறை நிதியளிப்பு எந்தச் சமயத்தாருக்கும் கிடைக்கும். அதில் இலாப விகிதத்துக்கு உச்சவரம்பு எழுதப்பட்டிருக்கும். இரண்டு மூன்று வங்கிகளின் தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது. லயத்தில் வாடகை இல்லை. சொந்த வீட்டில் தவணைக்கு மேல் தண்ணீர், மின்சாரம், ஆண்டுக்கொரு நிலவரி, நகராண்மைக்குக் கதவு வரி, வேலைக்குப் போகப் பெட்ரோல் எல்லாம் உண்டு. அடுக்குமாடி வீடென்றால் பராமரிப்புப் பணமும் உண்டு. அன்றியும் நம் வருமானம் மழையைப் பார்த்து ஏறி இறங்கும் வருமானம். நல்ல மாதத்துச் சம்பளச் சீட்டைக் காட்டிக் கடன் வாங்கலாம். ஆனால் மழை மாதத்திலும் தவணை கட்டியாக வேண்டும். ஆகவே ஆண்டிலேயே மோசமான மாதத்தை வைத்துத் தவணையைக் கணக்கிடுங்கள்.

மரத்தில் கத்தியை ஆழமாக இறக்கினால் அன்றைக்குப் பால் கூடுதலாக வரும். ஆனால் காயம் பட்ட இடத்தில் புதுப்பட்டை ஒழுங்காக வளராது. வங்கி தரச் சம்மதிக்கும் கடன் வேறு; நம் குடும்பம் தாங்கும் கடன் வேறு. வங்கி தன் கணக்கை மட்டுமே பார்க்கும். அரிசி, மருந்து, பிள்ளையின் பள்ளிச் செலவு ஆகியவற்றை நாம்தான் பார்க்க வேண்டும்.

வயது என்னும் பெரிய கணக்கு

பல வங்கிகள் 70 வயது வரை கடன் தருகின்றன. நம் வேலையோ 60-இல் முடிந்துவிடும். இந்தப் பத்தாண்டு இடைவெளியில்தான் நம் மக்கள் பலர் விழுகிறார்கள்.

45 வயதுத் தோழர் ஒருவர் அதே 1,35,000 வெள்ளியை 25 ஆண்டுக்கு வாங்குகிறார். தவணை 713 வெள்ளி. தாங்கக் கூடியதுதான். ஆனால் 15 ஆண்டு ஒரு மாதம் தவறாமல் கட்டி, 60-இல் வேலையை விட்டு நிற்கும் அன்று பாக்கி எவ்வளவு? ஏறத்தாழ 70,000 வெள்ளி! சம்பளம் இல்லை, லயமும் இல்லை, தவணை மட்டும் இருக்கிறது. அறுபதுக்குள் முடிக்க வேண்டுமென்றால் மாதம் 999 வெள்ளி கட்ட வேண்டும்.

இதைச் சொல்லி உங்களைப் பயமுறுத்த நாங்கள் வரவில்லை. வழி மூன்று உண்டு. ஒன்று, முப்பது வயதிலேயே தொடங்குவது. இங்கே உட்கார்ந்திருக்கும் இளைஞர்களுக்காகவே இதைச் சொல்கிறோம். இரண்டு, விலை குறைந்த வீட்டைப் பார்ப்பது. மாநில அரசாங்கங்களின் மலிவு விலை வீடுகளுக்குப் பெயர் பதிந்து வைப்பது. மூன்று, வேலை பார்க்கும் மகனோ மகளோ சேர்ந்து கடன் வாங்குவது. மூன்றாவதில் ஓர் எச்சரிக்கை. தகப்பன் சேமநிதிப் பணத்தைப் போட, வீடு மகன் பெயரில் மட்டும் இருந்தால், நாளைக்குக் குடும்பத்தில் மனத்தாங்கல் வரும்போது தகப்பனுக்குப் பிடிமானம் இல்லை. பணம் போடுகிறவர் பெயர் ஒப்பந்தத்திலும் கிராண்டிலும் இருக்கட்டும். இதைக் கேட்கத் தாயும் தகப்பனும் கூச்சப்படத் தேவையில்லை.

மாதச் சம்பளச் சீட்டு இல்லாதவர், சிறுதோட்டக்காரர், பிறர் தோட்டத்தில் பங்குக்கு வெட்டுபவர் ஆகியோருக்கு, அரசாங்கத்தின் வீட்டுக் கடன் உத்தரவாத நிறுவனமான எஸ்.ஜே.கே.பி. வங்கிக்கு உத்தரவாதம் தரும் திட்டம் இருக்கிறது. சீட்டு இல்லையென்று மனம் சோர்ந்து வட்டிக்காரரிடம் போக வேண்டாம்.

கைப்பணமும் சேமநிதியும்

கடன் 90 என்றால் மீதி 10 நம் கையிலிருந்து போக வேண்டும். 1,50,000 வெள்ளி வீட்டுக்கு அது 15,000 வெள்ளி. அதற்கு மேல் வழக்கறிஞர் கூலியும் முத்திரை வரியும் உண்டு. 2023-ஆம் ஆண்டுக் கட்டண விதிப்படி வழக்கறிஞர் கூலி முதல் 5,00,000 வெள்ளிக்கு நூற்றுக்கு 1.25. நம் வீட்டுக்கு விற்பனை ஒப்பந்தத்துக்கு 1,875 வெள்ளி. கடன் பத்திரத்துக்கு ஏறத்தாழ 1,690 வெள்ளி. பெயர் மாற்றும் முத்திரை வரி முதல் 1,00,000-க்கு நூற்றுக்கு 1, அடுத்த 4,00,000-க்கு நூற்றுக்கு 2. ஆக 2,000 வெள்ளி. கடன் பத்திர முத்திரை நூற்றுக்கு அரை. ஆக 675 வெள்ளி. எல்லாம் சேர்ந்தால் 6,200 வெள்ளியைத் தாண்டும். சில்லறைச் செலவு தனி.

முதல் வீடு வாங்கும் குடிமக்களுக்கு 5,00,000 வெள்ளி வரையிலான வீட்டுக்கு முத்திரை வரி விலக்கு 2021 ஜனவரி முதல் அளிக்கப்பட்டது. நீங்கள் கையெழுத்திடும் நாளில் அது எந்த அளவில் நடப்பில் இருக்கிறது என்று வழக்கறிஞரிடம் தவறாமல் கேளுங்கள். வாயைத் திறந்து கேட்டால் 2,675 வெள்ளி மிஞ்சலாம்.

சேமநிதிக்கு வருவோம். 2024 மே 11 முதல் 55 வயதுக்குக் குறைந்தவர்களின் சேமநிதிச் சந்தா மூன்று கணக்குகளாகப் பிரிகிறது: ஓய்வுக்காலக் கணக்குக்கு 75, செஜாத்ரா கணக்குக்கு 15, நெகிழ்வுக் கணக்குக்கு 10. வீட்டுக்கு எடுப்பது செஜாத்ராவிலிருந்து. எடுக்கக் கூடியது, வீட்டு விலைக்கும் கடனுக்கும் உள்ள வித்தியாசத்தோடு விலையில் பத்தில் ஒரு பங்கு. அல்லது அந்தக் கணக்கில் இருப்பது. இரண்டில் எது குறைவோ அது. நம் கணக்கில் 15,000-உம் 15,000-உம் சேர்ந்து 30,000 வெள்ளி. ஆனால் செஜாத்ராவில் 12,000-தான் இருக்கிறது என்றால் 12,000-தான் கிடைக்கும்.

இங்கே பலர் தடுக்கி விழும் கல் ஒன்று உண்டு. சேமநிதி வாரியம் விற்பனை ஒப்பந்தத்தையும் வங்கியின் கடன் கடிதத்தையும் கேட்கும். ஆகவே ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் நாளில் சேமநிதிப் பணம் கைக்கு வந்திருக்காது. முதல் பத்துப் பங்கை வேறு வழியில் தேடி வைத்திருக்க வேண்டும். அந்த இடைவெளியில்தான் 'ஆலோங்' என்னும் வட்டி முதலை வாயைத் திறந்து காத்திருக்கிறது. கூட்டுறவுச் சங்கச் சேமிப்பு, கூட்டுப் பணம், நகை இவற்றில் எது கை கொடுக்கும் என்று குடும்பத்தோடு முன்கூட்டியே பேசி வையுங்கள். நெகிழ்வுக் கணக்கை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். அதைக் கைப்பேசி வாங்கக் கரைக்காமல் இந்த நாளுக்கென்று வைத்திருந்தால் புத்திசாலித்தனம்.

ஒப்பந்தத்தில் என்ன பார்ப்பது?

லைசென்சு பெற்ற மேம்பாட்டாளர் விற்கும் புது வீட்டுக்குச் சட்டமே ஒப்பந்தத்தை எழுதி வைத்திருக்கிறது. நிலத்து வீட்டுக்கு 'ஜி' அட்டவணை. அடுக்குமாடிக்கு 'எச்' அட்டவணை. அதன்படி நிலத்து வீட்டை 24 மாதத்திலும் அடுக்குமாடியை 36 மாதத்திலும் ஒப்படைக்க வேண்டும். தாமதமானால் ஆண்டுக்கு நூற்றுக்குப் பத்து வீதம் நாள் கணக்கில் நட்ட ஈடு தர வேண்டும். சாவி வாங்கிய பின் 24 மாதத்துக்குள் தென்படும் வெடிப்பு, ஒழுகல் ஆகியவற்றை அவர் செலவில் சரி செய்ய வேண்டும். இவற்றைச் செய்ய மறுத்தால், 2002 டிசம்பரில் தொடங்கிய வீடு வாங்குவோர் நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரை கோரலாம். அங்கே வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை.

கட்டும் காலத்தில், வீடு எழும்ப எழும்ப வங்கி மேம்பாட்டாளருக்குப் பணம் கொடுக்கும். கொடுத்த பணத்துக்கு வட்டியை நாம் அப்போதே கட்ட வேண்டும். சாவி கைக்கு வரும் முன்னே செலவு தொடங்கிவிடும் என்பதை நினைவில் வையுங்கள்.

பழைய வீடு என்றால் நில அலுவலகத்தில் கிராண்டைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். விற்பவர் பெயர்தானா அதில் இருக்கிறது? வேறு கடன் ஏறியிருக்கிறதா? குத்தகை நிலமென்றால் இன்னும் எத்தனை ஆண்டு பாக்கி? 'வழக்கறிஞர் செலவு இலவசம்' என்று மேம்பாட்டாளர் சொன்னால், அந்த வழக்கறிஞர் மேம்பாட்டாளருக்கு வேலை செய்பவர் என்பதை அறிந்துகொள்ளுங்கள். நமக்கென்று ஒருவரை வைத்துக்கொள்ள நமக்கு உரிமை உண்டு. கடனோடு ஓர் ஆயுள் காப்புறுதியும் கேட்டு வாங்குங்கள். கட்டிக்கொண்டிருப்பவர் இறந்துவிட்டால், காப்புறுதி செய்த அளவுக்கு அது கடனை அடைக்கும். விதவையும் பிள்ளைகளும் தெருவில் நிற்க மாட்டார்கள்.

தவணை தவறினால்

கடன் முடியும் வரை வீடு வங்கியிடம் அடமானத்தில் இருக்கிறது. தவணை நின்றால் வங்கி அதை ஏலத்துக்குக் கொண்டுபோகலாம். ஏலத்தில் வந்த பணம் கடனுக்குப் போதாவிட்டால், வீடு போன பிறகும் மீதிக் கடன் நம் தலையில்தான். ஆகவே வேலை நின்றாலோ நோய் வந்தாலோ கடிதங்களைப் பெட்டிக்குள் ஒளித்து வைக்காதீர்கள். முதல் தவணை தவறும் முன்பே வங்கிக்குப் போய்ச் சொல்லுங்கள். பேங்க் நெகாரா 2006-ஆம் ஆண்டில் அமைத்த ஏ.கே.பி.கே. என்னும் கடன் ஆலோசனை அலுவலகம் இலவசமாக உதவுகிறது. வங்கியோடு பேசித் தவணையை மாற்றியமைக்க வழி காட்டுகிறது. அதற்குப் பணம் வாங்கிக்கொண்டு செய்து தருகிறோம் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம்.

கிராணிமார்களுக்கு ஒரு சொல்

வங்கித் தாள்கள் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கின்றன. படிக்கத் தெரியாததால் அல்ல, கேட்க வெட்கப்படுவதால்தான் நம் மக்கள் பலர் பார்க்காமல் கையெழுத்துப் போடுகிறார்கள். ஆபீசில் இருக்கும் நண்பர்களே, சம்பளச் சீட்டையும் சேமநிதிக் கணக்கையும் கேட்டு வரும் தொழிலாளியை நாளைக்கு வா என்று அனுப்பாதீர்கள். பத்து நிமிடம் உட்கார்ந்து அந்தத் தாளைப் படித்துச் சொல்லுங்கள். உங்கள் குவார்ட்டர்சும் வேலையோடு வந்ததுதான். அறுபது வயதில் நாம் அனைவரும் ஒரே வாசலில்தான் நிற்கப் போகிறோம்.

கிளைத் தலைவர்களுக்கும் ஒன்று சொல்கிறோம். நாற்பது வயதுக்குட்பட்ட உறுப்பினர்களில் வீடு இல்லாதவர்களின் பட்டியலை எடுங்கள். மாதம் ஒரு மாலை அவர்களை உட்கார வைத்து, கடன் பதிவையும் சேமநிதிக் கணக்கையும் பார்த்துக் கொடுங்கள். கையெழுத்திடப் போகும் தோழரோடு ஒருவர் கூடப் போங்கள். சம்பளப் பேச்சுக்கு நாம் தனியாகப் போவதில்லை. முப்பது ஆண்டுக் கடனுக்கு மட்டும் ஏன் தனியாகப் போக வேண்டும்?

தோழர்களே! நம் பாட்டன்மார் காட்டை அழித்து மரம் நட்டார்கள். நிழல் எல்லாருக்கும் கிடைத்தது. மண் மட்டும் நமக்குக் கிடைக்கவில்லை. அந்தக் குறை நம் காலத்தோடு தீரட்டும். முதலில் பெயரைப் பாருங்கள். பிறகு கணக்கைப் பாருங்கள். பிறகு வீட்டைப் பாருங்கள். கடைசியாகக் கையெழுத்துப் போடுங்கள். இந்த வரிசை மாறாதிருந்தால், அறுபதாவது வயதில் லயத்துச் சாவியைத் துரையிடம் ஒப்படைக்கும் அன்று நம் மடியில் இன்னொரு சாவி இருக்கும்.

வாழ்க தொழிலாளர் ஒற்றுமை!